மூணாவது தொட்டி

உக்காரு கண்ணு. மச்சுக்கு அப்பால போலாம். அந்தத் தொட்டி எங்கேயும் ஓடிடாது. பெங்களூருல இருந்து ரயில்ல நின்னுக்கினே வந்தவன், மொதல்ல டீயைக் குடி. உங்க ஆயா இஞ்சி தட்டிப் போட்டிருக்கா. பையை எறக்கி வை. அந்தப் போனையும் எறக்கி வை. சனிக்கிழமையும் அதுவுமா உங்க மேனேஜரம்மா உன்னைத் தேட மாட்டாங்க.

தேடுவாங்களா? டூலிப் போட்டோவுக்கு அவங்களே ‘வாவ்’னு போட்டாங்களா? மொத்தம் எத்தினி பேரு? முந்நூத்திப் பத்தா! இந்த ராபர்ட்சன்பேட்டையில எங்க கல்யாணத்துக்கே அத்தினி பேரு வரலடா. வந்தவங்கள்லயும் பாதிப் பேரு பிரியாணிக்கு வந்தவங்க.

இருடா, எந்திரிக்காத. போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்.

டிசம்பர் மாசம் பத்து கிழங்கைப் போன்ல வரவழைச்சு, அட்டைப்பெட்டியோட வந்து எறங்கின. குரங்குக் குல்லா, கம்பளி, அதுக்கு மேல உங்க அம்மா போர்த்திவிட்ட சால்வை. மச்சுல நின்னு வாயில இருந்து புகை வுட்டுக் காமிச்சு, “தாத்தா, இங்க இங்கிலாந்து மாதிரி குளிரு, டூலிப் சும்மா பிச்சிக்கினு வரும்”ன்ன. நான் வாயைத் தொறக்கல. காசு செலவு பண்ணி முடிச்சவன்கிட்ட புத்தி சொன்னா அவன் நம்மளை எதிரியா நெனைப்பான். செலவுக்கு முன்னாடி சொன்னா கஞ்சன்னு சொல்லுவான். அதனால கிழவனுங்க பாதி நேரம் இருமிக்கினே காலத்தை ஓட்டிடறது.

நட்டதோட வுட்டியா? சனிக்கிழமைக்கு சனிக்கிழமை டீ ஸ்பூனை எடுத்துக்கினு போய், மண்ணைச் சொரண்டி, கிழங்கைப் பாத்து, திரும்ப மூடின. அதுங்களுக்கு மட்டும் வாய் இருந்திருந்தா யூனியன் ஆபீசுக்குப் போய் உன் மேல மனு குடுத்திருக்கும். தைக் கடைசியில ஆறு தொட்டியில இலை வந்துச்சு. விரல் நீளத்துக்கு எழும்பிச்சு, அப்படியே நின்னுடுச்சு. மாசியில பழுத்துப்போச்சு. நீ சொன்ன, “தாத்தா, இந்த வருஷம் குளிரு நீண்டுடுச்சு, அதான் பூ லேட்டாவுது.” அதே மூச்சுல, ஆயாவோட ஃபுட்பால் லில்லி இன்னும் மூக்கை நீட்டல, செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுடலாம்னும் சொன்ன.

பாதி சரிடா நீ சொன்னது. ஆனா சரியான பாதியைத் தப்பான தொட்டியில நட்டுட்ட. ஒரே மச்சு, ஒரே குளிரு. உன் கிழங்குக்கு அது பத்தல. உங்க ஆயா கிழங்குக்கு அது தாங்கல. ரெண்டுக்கும் ஒரே நோவுன்னு சீட்டு எழுதுற டாக்டர் நீ.

பக்கத்து வூட்டுப் பொண்ணு கோலாருல தோட்டக்கலை படிக்குதே, அதை உக்கார வெச்சுக் கேட்டேன். நல்ல பொண்ணு. போட்டோவும் அருமையா எடுக்குது. அந்தக் கதை இப்ப வேணாம். அது சொல்லித்தான் எனக்கு வெளங்கிச்சு. டூலிப் கிழங்கு பாக்க வெங்காயம் மாதிரி இருந்தாலும், உள்ள கோடைக் காலத்துலயே பூவைச் சின்னதா செஞ்சு மடிச்சு வெச்சுக்கிடுது. ஆனா அந்தப் பூவைத் தூக்கிக்கினு வர்ற காம்பு நீளணுமே, அதுக்குத்தான் குளிரு. 9 டிகிரிக்குக் கீழ, 12-ல இருந்து 16 வாரம், ராவும் பகலும். அந்தக் குளிர்லதான் உள்ள இருக்கற மாவு சர்க்கரையா மாறுது, காம்பு நீளுறதுக்கு உத்தரவு கெடைக்குது.

மைன்ஸ்ல ஹாஜர் புஸ்தகம் இருந்துச்சே, அந்த மாதிரி நெனைச்சுக்கோ. சங்கு ஊதறதுக்குள்ள வந்து பேரு குடுத்தாதான் அன்னைய கூலி. இந்தக் கிழங்கும் குளிருக்கு ஹாஜர் எடுக்குது. முழு மஸ்டர் விழலைன்னா பூ கெடையாது, உள்ளயே கருகிடும். வேணும்னா கருணைக்கு நாலு இலை தரும். நம்ம ஊரு மார்கழி இன்னா பண்ணுது? விடியகாலம் 12, 13 டிகிரியில வந்து பேரு குடுக்குது. மத்தியானம் 27, 28-க்கு ஏறி ஓடிப்போய் வெயில் காயுது. அரை நாள் ஹாஜருகூட தேறாது. பெங்களூருல இதுவரைக்கும் பதிவானதுலயே பெரிய குளிரு 1884 ஜனவரி 13-ந் தேதி, 7.8 டிகிரி. உன் டூலிப்புக்கு அந்த மாதிரி ராத்திரி ஒன்னு பத்தாது கண்ணு. நூறு வேணும், பகலையும் சேர்த்து. நீ என்னடான்னா குல்லாவைப் பாத்துக் குளிரை அளந்த.

இன்னொரு டீ? குடி, குடி. மச்சுல வெயில் கொஞ்சம் தாழட்டும்.

இந்தக் கூத்து உன்னோட ஆரம்பிச்சதில்ல. துரைங்களே பண்ணினதுதான். 1880-ல தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி இங்க வந்து எறங்கிச்சு. ஏறக்குறைய 2,800 அடி உசரம், காத்து குளுகுளுன்னு இருந்துச்சு. அவனுங்களுக்குச் சொந்த ஊரு நெனப்பு வந்துடுச்சு. ஓட்டு பங்களா, புல்தரை, ரோஜாப் பாத்தி, கிளப்பு எல்லாம் கட்டி ‘லிட்டில் இங்கிலாந்து’ன்னு பேரு வெச்சானுங்க. ஆர்க்காட்டுப் பக்கத்துல இருந்து வந்த நாம லைன் வூட்டுல இருந்தோம். அதுக்கு எவனும் லிட்டில் ஆர்க்காடுன்னு பேரு வெக்கல. நம்ம பேட்டைக்குக்கூட, மைசூருக்கு ரெசிடென்டா இருந்த ராபர்ட்சன் துரை பேருதான். பேரு வெக்கிற வேலையில அவனுங்களை அடிச்சிக்க ஆளில்ல.

எங்க தாய்மாமன் ஒரு பங்களாவுல தோட்டக்காரரு. அவரு சொன்னது இது, நம்பினா நம்பு. அந்த வூட்டு துரைசானிக்கு சீமையில இருந்து கப்பல்ல ஒரு பிஸ்கட் டப்பா வந்துச்சாம். தொறந்தா உள்ள மரத்தூளு, மரத்தூளுக்குள்ள டாஃபடில் கிழங்கு. அதைத் தொட்டியில வெச்சு, துரைசானி தினம் காலையில வந்து குனிஞ்சு பாக்குமாம். உன்னை மாதிரியே. ஆனா அது ஸ்பூன் எடுக்கல, அந்த மரியாதை தெரிஞ்சிருந்துச்சு. இலை வந்துச்சு, பூ வரல. அடுத்த வருஷம் துரைக்கு ஒரு யோசனை தோணிச்சு. கிளப்புல விஸ்கிக்கு வர்ற ஐஸ் கட்டியை ராத்திரி ராத்திரி தொட்டி மேல அடுக்கச் சொன்னாரு. மாமா அடுக்கினாரு. காலையில பாத்தா ஐஸ் தண்ணியாயிருக்கும், மாமா மட்டும் நல்லா குளுந்து போயிருப்பாரு. ஐஸ் எதுல கரைஞ்சிதுன்னு மாமி சாகிற வரைக்கும் கேட்டுக்கினுதான் இருந்துச்சு.

யோசிச்சுப் பாரு. சிவசமுத்திரத்துல காவேரி எறங்கற எடத்துல இருந்து 1902-லயே கம்பி இழுத்து இந்த ஊருக்குக் கரன்ட் கொண்டாந்தானுங்க. சாம்பியன் ரீஃப்ல 3 கிலோமீட்டருக்கு மேல பூமியைக் கொடைஞ்சானுங்க. அவ்ளோ பண்ணவனுக்கு ஒரே ஒரு டாஃபடிலை இங்க பூக்க வெக்க முடியல. நான் அங்க கீழ வேலை செஞ்சவன்தான். அடி ஆழத்துல பாறை 60 டிகிரிக்கு மேல கொதிக்கும். மார்கழி விடியகாலையில போர்வை போர்த்திக்கினு கூண்டுல ஏறுவோம், கீழ எறங்கினா கோமணத்தோட நிப்போம். ஆறு அங்குலத்துல உக்காந்திருக்கற கிழங்கு, மேல இருக்கற குளிரையும் பாக்குது, அடியில இருக்கற சூட்டையும் பாக்குது, எதையும் நம்ப மாட்டேங்குதுன்னு நான் அப்பவே நெனைச்சிருக்கேன். பூமிக்குள்ள வேலை செய்யறவங்க அவசரப்பட மாட்டாங்கடா. அவசரப்பட்டவங்க மேல வரல.

சரி, குளிரு நீண்டா லேட்டாவும்னியே, அது பொய்யில்ல. ஆனா எங்க? ஹாஜர் ஏற்கெனவே முழுசா விழுந்த ஊருல. கிழங்குக்கு வேண்டிய குளிரு கெடைச்சாச்சு. அப்பால அதுக்குச் சூடு வேணும், மண்ணு வெதுவெதுக்கணும். குளிரு எழுந்து போகாம, கல்யாண வூட்டுல சாப்பிட்டு முடிச்சும் வாசல்லயே உக்காந்திருக்கற ஒறவுக்காரன் மாதிரி உக்காந்துக்கினா, பூ உள்ளயே நிக்கும். 2013-ல பிரிட்டன்ல மார்ச் மாசம் அம்பது வருஷத்துல இல்லாத குளிரு. மாச சராசரியே 2 டிகிரி சொச்சம். டாஃபடில் எல்லாம் வாரக்கணக்குல பின்தங்கிப் போச்சு. செத்துப்போச்சா? அதான் இல்ல. சூடு வந்தவுடனே, முன்னாடி வர வேண்டியது, பின்னாடி வர வேண்டியது எல்லாம் ஒன்னா முண்டியடிச்சுக்கினு வரும். நம்ம ரயிலு ரெண்டு மணி நேரம் லேட்டாயிட்டா அடுத்த ரயில் ஜனமும் சேர்ந்து ஏறுதே, அப்படி.

காஷ்மீருல பாரு. சீநகர்ல தால் ஏரிக்கு மேல, சபர்வான் மலையடியில, ஒரு டூலிப் தோட்டம். 30 ஹெக்டேர், லட்சக்கணக்குல கிழங்கு. பனி விழறதுக்கு முன்னாடி நட்டுட்டு, மார்ச் கடைசி வரைக்கும் காத்திருக்கறாங்க. பனி சீக்கிரம் கெளம்பினா முன்னாடி, தங்கிட்டா பின்னாடி. பூ பாக்க டிக்கெட் வாங்கறவங்க அதுக்குத் தகுந்த மாதிரி லீவு போடணும். பூ யாருக்கும் லீவு லெட்டர் எழுதாது.

டெல்லியில வருஷா வருஷம் ரவுண்டானாவுல டூலிப் பூக்குதேன்னு கேப்ப. கேளு. அது ஹாலந்துலயே குளிர்ப்பெட்டியில மூணு நாலு மாசம் வெச்சு, ஹாஜர் முழுசாப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பின கிழங்கு. வெளியூருல பரீட்சை எழுதிப் பாஸ் சர்டிபிகேட்டோட வர்ற பையன் மாதிரி. டிசம்பர்ல நட்டா பிப்ரவரியில பூ. அடுத்த வருஷத்துக்குப் புதுசா வாங்கணும். நீ வாங்கினதுலயும் குளிர வெச்சதா, வெக்காததான்னு அட்டையில பாத்தியா? பாக்கல. படம் பாத்து வாங்கின. பொண்ணு பாக்கப் போறப்பவாவது தாத்தாவைக் கூட்டிக்கினு போ.

ஃப்ரிட்ஜுல வெக்கலாமான்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன். வெக்கலாமாம். காய்கறி வெக்கிற தட்டுல, காகிதப் பையில, மூணு மாசத்துக்கு மேல. ஆனா ஆப்பிள் பக்கத்துல வெக்கக் கூடாதாம். பழுக்கற பழம் ஒரு வாயுவை வுடுதாம், எத்திலீன்னு பேராம், அது பட்டா உள்ள இருக்கற மொட்டு காலி. கூட இருக்கறவன் பழுத்தா நமக்கு ஆபத்துங்கறது எனக்கு லேபர் ஆபீசுலயே தெரியும். அதைவிட நம்ம வூட்டு ஃப்ரிட்ஜுல பெரிய ஆபத்து உங்க ஆயா. மூணு மாசம் வெங்காயம் மாதிரி ஒன்னு கண்ணுல பட்டுக்கினே இருந்தா, ஒரு நாள் சாம்பாருல போகும். ஹாலந்துக்காரங்க 1944-45 குளிர்காலத்துல, ஜெர்மன்காரன் சோத்தை மறிச்சப்ப, டூலிப் கிழங்கைத்தான் வேக வெச்சுத் தின்னாங்களாம். பசிக் குளிர்காலம்னு அதுக்குப் பேரு. ஆனா டாஃபடிலும் ஃபுட்பால் லில்லியும் விஷம், ஞாபகம் வெச்சுக்கோ. விளையாட்டுக்குச் சொல்லல.

இப்ப ஆயா தொட்டிக்கு வா. நீ தூக்கிப் போடச் சொன்னியே, அது. அது ஆப்பிரிக்காவுல பொறந்த ஜாதி. அதுக்குக் குளிர்ல ஹாஜரே கெடையாது, குளிரு வந்தா லீவு. கார்த்திகையில இலை பழுக்கும், மார்கழியில மண்ணுக்கு மேல ஒன்னும் இருக்காது. பாக்கறவன் காலித் தொட்டின்னு நெனைச்சு பீடித்துண்டைப் போடுவான். உங்க பெரியப்பன் போட்டான். மண்ணு சூடாகி, ரெண்டு கோடை மழை விழுந்தாத்தான் அது கண்ணைத் தொறக்கும். மத்த வருஷம் யுகாதி வாக்குல மூக்கு தெரியும், அப்பால இலைக்கு முந்தி ஒத்தைக் காம்பு, காம்பு தலையில நூறு நூத்தம்பது சின்னப் பூவு சேர்ந்து செவப்புப் பந்து. நம்ம ஊரு பந்து வெளையாட்டுப் பைத்தியங்களுக்குன்னே செஞ்ச மாதிரி. பத்து நாளைக்குள்ள ஆட்டம் முடிஞ்சுடும்.

தைப்பனி தரையைப் பிளக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. இந்த வருஷம் அது நம்ம மச்சையே தேடி வந்து துளைச்சுது, தொட்டிங்க இருக்கற மச்சை. மாசி முழுக்க விடியகாலம் மண்ணு சில்லுன்னு இருந்துச்சு. கோடை மழையும் கண்ணுல படல. அப்ப அந்தக் கிழங்கு எப்படி எழும்பும்? குளிர்ல நான் எட்டு மணி வரைக்கும் போர்வைக்குள்ள இருந்தா வயசாயிடுச்சுன்னு வுட்டுடறீங்க, கிழங்கு இருந்தா செத்துப்போச்சுங்கறீங்க. என்னையும் ஒரு நாள் ஸ்பூன் வெச்சுச் சொரண்டிப் பாத்துடாத.

அதுக்கு ‘மே பூ’ன்னு பேரு வெச்சவனைத்தான் ஒதைக்கணும். பேருல மாசத்தை வெச்சா எல்லாரும் தேதி கேப்பாங்க. சில வருஷம் ஏப்ரல்லயே வந்துடும், சில வருஷம் ஜூன்ல வந்து நிக்கும். ‘ஈஸ்டர் லில்லி’ன்னு ஒரு வெள்ளைக்கோடு போட்ட செவப்புப் பூ இருக்குதே, அதுக்கும் இதே பாடு. எதிர் வூட்டு மரியம்மா, “ஈஸ்டர் வந்துடுச்சு, லில்லி வரல”ன்னு அழுதுது. ஏம்மா, ஈஸ்டரே ஒரு எடத்துல நிக்குதா? 2008-ல மார்ச் 23-லயே வந்துடுச்சு. 2011-ல ஏப்ரல் 24 வரைக்கும் இழுத்துச்சு. ஃபாதரை யாராச்சும் கேட்டீங்களா? வாயில்லாத பூவைக் கேக்கறீங்க.

எந்தக் குளிரு, எந்த வெயிலா இருந்தாலும் தவறாம மொளைக்கிற கிழங்கு இந்த ஊருல ஒன்னே ஒன்னுதான். “மைன்ஸைத் திரும்பத் தொறக்கப்போறோம்.” 2001 பிப்ரவரி 28-ந் தேதி சங்கை நிறுத்தி மூடினாங்க. அதுல இருந்து ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் அது மண்ணைப் பொளந்துக்கினு வரும், மைக்கு வெச்ச ஜீப்புல. நல்ல பச்சையா இலை வுடும். ஓட்டு எண்ணி முடிச்சதும் பழுத்துப்போகும். பூவை இதுவரைக்கும் பாத்தவன் இல்ல. முந்தியெல்லாம் நானும் ஸ்பூனை எடுத்துக்கினு கூட்டத்துக்குக் கூட்டம் போய்ச் சொரண்டிப் பாத்தவன்தான். உங்கப்பன் அதுக்குள்ள ஹாஜர் புஸ்தகத்தை மூடிட்டு பெங்களூருக்கு ரயில் ஏறினான். அப்படித்தான் நீ அந்தப் பக்கம் மொளைச்ச. மைன்ஸ் தூளைக் கொட்டி வெச்ச சயனைடு மேட்டுல இருந்து காத்தடிச்சா இன்னமும் வெள்ளைத் தூசி வந்து நம்ம தொட்டியில எறங்குது. தங்கத்தை எடுத்துக்கினு தூளை மட்டும் நமக்கு வுட்டுட்டுப் போனாங்க. அதுலயும் உங்க ஆயா பூ வளர்க்கறா பாரு, அவளைச் சொல்லணும்.

இன்னாடா நெளியற? போலாம், போலாம். டீ கிளாஸைக் கழுவி வெச்சுட்டு வா. ஆயாவுக்கு இடுப்பு வலி.

மச்சுல ஏறினவுடனே மொதல்ல கெழக்கு மூலையைப் பாரு. நேத்து காலையில பாத்தேன். மண்ணுல ஒரு வெடிப்பு, வெடிப்புல செவப்புப் புள்ளி புள்ளியா சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒன்னு. ஆயாகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா ராத்திரியெல்லாம் டார்ச் அடிச்சுப் பாப்பா. நீ அதைத் தொடாத, மூச்சுக்கூட வுடாத. ஸ்பூனை நான் ஒளிச்சு வெச்சுட்டேன்.

உன் மூணாவது தொட்டியா? அது அப்படியேதான் இருக்குது. ரத்தச் செவப்பு, காம்பு ஒரு அடி, ஒரு வாரமா ஒரு இதழ்கூட வாடல. காக்காகூட ரெண்டு தடவை வந்து பாத்துட்டு வெக்கப்பட்டுப் போயிடுச்சு. ஆனா கண்ணு, அதுக்குத் தண்ணி மட்டும் ஊத்தாத. சாயம் எறங்கும்னு கடைக்காரன் சொல்லித்தான் குடுத்தான், மார்க்கெட்டுல. அறுவது ரூபா. போன வாரம் நீ போன்ல, “எல்லாரும் சிரிக்கறாங்க தாத்தா”ன்னு சொன்னியே, கேட்டுக்கினு எப்படிச் சும்மா இருக்கறது? செருகினது நான், படம் புடிச்சது அந்தப் பொண்ணு.

மூஞ்சியைத் தூக்காதடா. முந்நூத்திப் பத்து பேருல ஒருத்தன் கண்டுபிடிக்கல, ஹாலந்துக்காரன் பாத்தாலும் ஏமாந்திருப்பான். உங்க மேனேஜரம்மாவுக்கு மஞ்சள் புடிக்குமா, ஊதா புடிக்குமா கேளு. ரெண்டும் இருக்குதாம்.